மலைநாட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, இனி யாழ்ப்பாணம் போவமாம்

நானுஓயாவுக்கு ரயில் டிக்கெட் கையில் வந்து, நுவரெலியாவில் அறைகளுக்கு முற்பணம் கட்டி, அங்கே ஓடித்திரிய வான்காரருக்கு வாக்கும் கொடுத்த பிறகு, இன்று காலை குடும்ப வட்ஸ்அப் குழுவில் மாமி போட்ட செய்தி இது: "டிசம்பரில மலைநாட்டுப் பக்கம் மழையாம். பேசாமல் யாழ்ப்பாணம் போவமா?"

கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவர் நல்லூர்க் கோபுரத்தின் படத்தையும் போட்டுவிட்டார்.

மாமி, உங்கள் காலில் விழுகிறேன். மார்கழியில் மழை பெய்யும் என்று பயந்து யாழ்ப்பாணம் போகிற ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். அங்கே மாரி காலமே அதுதானே! வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி வந்து ஒழுங்கை ஒழுங்கையாக வெள்ளம் நிற்கிற நேரம். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து கொட்டாஞ்சேனைக்கு வந்த மனுசிக்கு வெள்ளவத்தையில் பிறந்த நான் இதைச் சொல்ல வேண்டிக் கிடக்கிறது.

எனக்கு ஆத்திரம் மழையால் இல்லை. இந்தப் பயணத் திட்டம் தொடங்கிய நாளில் குழுவில் கேட்டேன், எங்கே போகலாம், என்ன பார்க்கலாம், யாருக்கு என்ன விருப்பம் என்று. எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான். "எங்களுக்கு எதுவும் ஓகே, நீங்கள் பாத்துச் செய்யுங்கோ தம்பி." இந்த "எதுவும் ஓகே" சொல்கிற ஆட்களை நம்பவே கூடாது. அவர்களுக்கு எதுவும் ஓகே இல்லை. என்ன பிடிக்காது என்பது நாங்கள் காசு கட்டி முடித்த அடுத்த நிமிடம்தான் அவர்களுக்கே தெரியவரும்.

டிக்கெட் எடுத்த அந்தக் காலையைச் சொல்கிறேன், கேளுங்கள். முன்பதிவு 30 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். பள்ளிக்கூட லீவு, நத்தார், வெளிநாட்டில் இருந்து வந்திறங்குகிற சொந்தங்கள், முதுகில் பை சுமந்த வெள்ளைக்காரர்கள், எல்லாரும் நானுஓயா வழியாகப் போகிற அதே பதுளை ரயிலுக்குக் காத்திருக்கிற மாதம். இருக்கை எவ்வளவு வேகத்தில் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆளுக்கு ஆள் அடையாள அட்டை இலக்கம் கேட்கும், வெளிநாட்டுக்காரர் என்றால் கடவுச்சீட்டு இலக்கம். ஆகவே அந்த நாளுக்கு முன்பே குழுவில் கேட்டு வைத்தேன். கைகூப்பு வந்தது, இதயம் வந்தது, "நல்ல முயற்சி தம்பி" வந்தது. இலக்கம் மட்டும் வரவில்லை.

காலையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ரொறொன்ரோவில் இருக்கிற பெரியப்பாவின் கடவுச்சீட்டுப் படம் அப்போதுதான் வருகிறது. அதில் பெரியப்பாவின் முகம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, இலக்கத்தின் கடைசிப் பகுதிக்கு மேலே பெரியப்பாவின் பெருவிரல் இருக்கிறது. "விரலை எடுத்துவிட்டு அனுப்புங்கோ" என்று எழுதினேன். அதே படம் தலைகீழாக வந்தது. எடுத்துப் பேசுவோம் என்றால் போன் ஒலிக்கிறது, எடுக்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் எனக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அந்தப் பதிவு எங்கே தொடங்குகிறது? ரொறொன்ரோ பனியில் தொடங்குகிறது. இந்த முறை முந்தியே கொட்டிவிட்டதாம், வாசலில் மண்வெட்டி பிடித்து முதுகு போய்விட்டதாம், பெரியம்மாவுக்கு இரவில் இருமலாம். நான் இங்கே திரையில் இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதனின் முதுகு வலியை முழுவதும் கேட்கிறேன், ஏனென்றால் இலக்கம் எந்த இடத்தில் வரும் என்று தெரியாது, தாண்டிப் போகவும் பயம். கடைசியில் வந்தது. "அது பூச்சியமோ, ஓவோ தெரியேல்லை தம்பி, கண்ணாடி மேல்மாடியில கிடக்கு, ரெண்டையும் போட்டுப் பாருங்கோ."

ரெண்டையும் போட்டுப் பார்ப்பதாம்!

அந்த நேரம் பார்த்து மாமி, ரோசாப்பூவுக்கு நடுவில் பிள்ளையார் இருக்கிற காலை வணக்கப் படம் போடுகிறார். தெஹிவளை அண்ணா, தன் இலக்கத்தைத் தராமலே, "ஜன்னல் பக்கம்தானே?" என்று கேட்கிறார். ஜன்னல் பக்கமா? கழிவறைப் பக்கம் கிடைத்தாலே கோயிலில் தேங்காய் உடைக்கிற நிலையில் நான் இருக்கிறேன்.

எப்படியோ கிடைத்தது, இரண்டு பெட்டிகளில் சிதறி, இரண்டாம் வகுப்பில். படத்தைக் குழுவில் போட்டேன். யாராவது ஒரு நன்றி? "ஏசி இல்லையோ?" மலையில் ஏறுகிற ரயிலுக்கு ஏசி. அந்த ஏசிப் பெட்டியில் கண்ணாடி திறக்காது, தலவாக்கலைப் பக்கம் அருவி வந்தால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அழுக்குக் கறையோடு சேர்த்துத்தான் பார்க்கலாம் என்று விளக்கம் எழுதினேன். இதே ஆட்கள்தான் கதவில் தொங்கி முடி பறக்கப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கனவு காண்கிறவர்கள்.

பிறகு பெரியப்பா, ரயில் ஏன் நுவரெலியாவுக்குள்ளேயே போகவில்லை, நானுஓயாவில் இறங்கி 8 கிலோமீற்றர் போகச் சொல்கிறாயே என்று என்னைக் கேட்டார். 1885இல் பாதையை நானுஓயாவுக்குக் கொண்டுவந்த வெள்ளைக்காரனிடம் கேட்க வேண்டியதை என்னிடம். ஒரு காலத்தில் நுவரெலியா வழியாக இராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது, அதை 1940களிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று எழுதினேன். "சீ, அதையாவது விட்டு வைத்திருக்கலாம்" என்றார், நான்தான் தண்டவாளத்தைக் கழற்றி விற்றது மாதிரி.

நாள் பயணங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனாலும் பேசத்தான் போகிறேன். இவர்களுடைய ஒரே ஒரு நாள்: காலையில் ஹோட்டன் சமவெளி, மதியம் எல்லவில் சாப்பாடு, ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்போது ஒரு படம், திரும்புகிற வழியில் ஹக்கலைப் பூங்கா, சீதாஎலியவில் அம்மன் கும்பிடு, பின்னேரம் கிறகரி வாவியில் படகு. ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்கிற மலை விளிம்பைப் பார்க்க வேண்டும் என்றால் விடியமுன் வெளிக்கிட வேண்டும், பத்து மணி ஆனால் பனிமூட்டம் வந்து மூடிவிடும், 800 மீற்றருக்கு மேல் பள்ளம் இருக்கிற இடத்தில் வெள்ளைத் துணி விரித்த மாதிரித்தான் தெரியும் என்றேன். "விடிய நாலு மணிக்கு எழும்ப ஏலாது, லீவிலயுமா" என்றார்கள். சரி. சுற்றி வர 9 கிலோமீற்றர் நடை என்றேன். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் "பாதி வழியில ஓட்டோ பிடிக்கலாம்தானே?" பிடிக்கலாம் பெரியம்மா, மரையிடம் கேட்டுப் பாருங்கள்.

மாமி எல்லாருக்கும் புளிச்சாதம் லன்ச் ஷீட்டில் சுற்றிக் கொண்டுவரப் போகிறாராம். ஹோட்டன் சமவெளி வாசலிலேயே பையைத் திறந்து பொலித்தீனைக் கழற்றிவிடுவார்கள் என்றால் நம்பவில்லை. "நாங்கள் என்ன காட்டுக்குள்ளயா எறியப் போறம்?" இதற்கிடையில் பெரியப்பா நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்துவிட்டார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குத் தனி விலை, அது எங்களுடையதைவிடப் பல மடங்கு. "நான் இந்த மண்ணில பிறந்தவன், எனக்கு உள்ளூர் டிக்கெட் எடு" என்கிறார். பெரியப்பா, அந்த மண் உணர்ச்சியை நுழைவுச்சீட்டுக் கூண்டுக்குள் இருக்கிறவரிடம் நீங்களே சிங்களத்தில் சொல்லுங்கள், நான் சற்றுத் தள்ளி நின்று குரங்கு பார்க்கிறேன்.

இப்போது குழுவில் நான் பதில் போடவில்லை என்று எல்லாரும் கவலைப்படுகிறார்கள். "தம்பி கோபமோ?" என்று பெரியம்மா. "கோபமில்லை, வேலையாயிருப்பான்" என்று அண்ணா, இன்று ஞாயிற்றுக்கிழமை. மாமி இப்போது புதிதாகப் போட்டிருக்கிறார்: "அப்ப ரெண்டு இடமும் போவமா? ரயில்லதானே." பதுளைப் பாதையும் காங்கேசன்துறைப் பாதையும் பொல்காவலையில் பிரிந்து போகிற இடத்தில் மாமியை இறக்கிவிட்டு, எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கோ என்று சொல்லத்தான் ஆசை. எழுதினேன், அழித்தேன், ஒரு கட்டைவிரல் போட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிக்கவும் விடுகிறார்களா? எங்கள் தொடர்மாடியில் மேல்வீட்டுக்காரர் டைல் வெட்டத் தொடங்கிவிட்டார். வந்த நாளில் இருந்து குளியலறை கட்டுகிறார், ஒரு வீட்டில் எத்தனை குளியலறைதான் இருக்கும்? ஞாயிறு காலையில், காலி வீதி ஹோர்ன் சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு. முகாமையாளரிடம் சொன்னால் அவர் லிப்ட் பழுது பற்றிச் சொல்கிறார், அது போன மாதப் பழுது, இந்த மாதப் பழுதைப் பற்றி இன்னும் யாரும் அவருக்குச் சொல்லவில்லையாம்.