விசிறி எத்தனை என்பதா முக்கியம்?

மலிவான கூலிங் பேட் (லேப்டாப் சூட்டைக் குறைக்க அடியில் வைக்கும் விசிறித் தட்டு) வாங்குவோர் விசிறி அதிகம் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. முதலில் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள்; காற்றை இழுக்கும் துளைகளுக்கு நேர் கீழே விசிறி அமைய வேண்டும். அடியில் துளையே இல்லாத மாடலுக்கு ஆறு விசிறி வைத்தாலும் பெரிய பலன் இராது. பேட் மின்சாரம் எடுக்கும் லேப்டாப்பின் யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவதே 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். அதை ஆறு விசிறிகள் பங்கு போட்டுக்கொண்டால் இரைச்சல்தான் மிஞ்சும்! சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் லேப்டாப்பையும் எடுத்துச் சென்று, பேட் மேல் வைத்துப் பார்த்து வாங்கலாம். இன்னொன்று, பேட் ஊதுவது அறைக் காற்றைத்தான். மே மாத மதியத்தில் சென்னை வீட்டு அறையே 36 டிகிரி என்றால், அதற்குக் கீழே எதுவும் குளிராது. உள்ளே தூசி அடைத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.