நாலும் சிவப்பாக இருந்தாலும் தவறில்லை
அட்வென்ட் வளையம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்காக நான்கு மெழுகுவர்த்திகள் வைத்த பசுந்தழை வளையம்; ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவார்கள். மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தி இல்லாமல் அது அட்வென்ட் வளையமே இல்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அது அந்தக் காலத்துத் தேவாலய வழிபாட்டு நிறத்தை ஒட்டிய வழக்கம். 1839இல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர் வண்டிச் சக்கரத்தில் ஏற்றியவற்றில் ஞாயிறுக்கான பெரியவை வெள்ளை, மற்ற நாட்களுக்கான சிறியவை சிவப்பு. ஜெர்மன் வீடுகளில் இன்றும் நாலும் சிவப்பாக இருப்பது சகஜம். அங்கே குடியிருக்கும் குடும்பம் ஊதாவுக்காக அலைய வேண்டியதில்லை. நிறத்தைவிட உயரத்தைத்தான் கவனிக்க வேண்டும். உதாரணமாக, 2025இல் அட்வென்ட்டின் முதல் ஞாயிறு நவம்பர் 30. இரவுச் சாப்பாட்டின்போது தினமும் 20 நிமிடம் ஏற்றினால், டிசம்பர் 24க்குள் முதல் மெழுகுவர்த்தி எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்திருக்கும். நான்காவது வெறும் 80 நிமிடம். ஒல்லியான மெழுகுவர்த்தி மணிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கரையும். பத்து அங்குலத்தில் தொடங்கியது இரண்டு அங்குலமாகி, சுடர் இலைகளை நெருங்கிவிடும். அதற்குள் ஊசியிலைகளும் காய்ந்து, தொட்டாலே உதிரும். பயமே அங்கேதான். ஊதா மூன்றையும் வாரா வாரம் இடம் மாற்றிக்கொண்டால் தேய்மான வித்தியாசம் குறையும்; ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு உரியது, அதை மாற்ற வேண்டாம். அடியில் உலோகக் கிண்ணம் கட்டாயம். பசுந்தழையில் தினமும் தண்ணீர் தெளியுங்கள், திரியில் படாமல்.