ஊருக்கு வரும்போது என்ன உடுப்பு கொண்டு வருவது?

ஆவணிக்கு யாழ்ப்பாணம் வர ரிக்கெற் போட்டுவிட்ட வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. நுளம்புக்குப் பூசுவது அங்கே கிடைக்குமா, பிள்ளைகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, பிறகு கட்டாயம் இது: "என்ன உடுப்புக் கொண்டு வாறது?"

வழக்கமாக "உங்களுக்கு வசதியானதைக் கொண்டு வாங்கோ" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். இந்த முறை கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். காரணம், போன நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து போன ஒருவர் திரும்பிப் போனதும் போட்ட பதிவு. யாழ்ப்பாணத்தில் தாவணி போட்ட ஒரு பிள்ளையைக்கூடக் காணவில்லையாம், எல்லாம் டெனிமும் ரீ-சேட்டுமாம், குளிரிலும் பனியிலும் தாங்கள் கட்டிக் காத்த பண்பாட்டை ஊரில் இருப்பவர்கள் தொலைத்துவிட்டார்களாம். அதற்குக் கீழே ஒரே கைதட்டல்.

நான் ஒரு ஆசிரியை. திங்கள் முதல் வெள்ளி வரை சாறி. மாரி காலத்தில் ஒழுங்கைச் சேற்றுக்குள் ஒரு கையால் சாறி மடிப்பான கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் குடையும் கொப்பிக் கட்டுமாக நடந்து பஸ் பிடித்திருக்கிறேன். பெற்றோல் இல்லாத 2022இல் சாறியோடு சைக்கிள் மிதித்தேன். அந்த வருடக் கடைசியில் சில ஆசிரியைகள் வேறு ஒழுங்கான உடுப்போடு பாடசாலைக்குப் போகப் போய், அது நாடு முழுக்க வாக்குவாதமாகி, கல்வி அமைச்சு சாறிதான் என்று நின்றது நினைவிருக்கும். ஆகவே சனிக்கிழமை காலை நான் ஒரு பஞ்சாபி உடுப்பைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் சந்தைக்குப் போவதைக் கண்டு யாராவது பண்பாடு போய்விட்டது என்று கவலைப்பட்டால், தயவுசெய்து திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து பாருங்கள்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேட்டியும் சாறியும் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கும். 1983 கலவரத்துக்குப் பிறகு ஒரு சூட்கேஸோடு நாட்டை விட்டுப் போனவர்கள். வருடம் முழுக்கக் குளிர்ச்சட்டையும் வேலைத்தள உடுப்பும். மண்டபம் எடுத்துச் செய்யும் பொங்கலிலும் சாமத்தியச் சடங்கிலும்தான் பட்டு வெளியே வரும். கனடாவில் தை மாதம் முழுவதையும் தமிழ் மரபுத் திங்களாக 2016இல் நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது. அந்த மாதத்தில் கனடிய அரசியல்வாதிகளும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அந்த ஊரில் வேட்டி கட்டுவது "நாங்கள் இன்னும் இருக்கிறோம்" என்று சொல்வது. இங்கே அதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருப்பது நாங்கள்தான்.

சிக்கல், அங்கே சரியாக இருந்த அதே அளவுகோலைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவதில் இருக்கிறது.

பாரிஸிலிருந்து எங்கள் ஒன்றுவிட்ட தங்கை குடும்பத்தோடு வந்திருந்தா. பத்து வயது மகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை, ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி, தலை நிறைய மல்லிகைச் சரம். நேரம் மதியம் பன்னிரண்டு, சோளகக் காற்று தூசியை அள்ளி அடிக்கிறது. கேற்றைத் திறந்துவிட்டவன் என் அண்ணாவின் மகன். ஆர்ஜென்டினா ஜேர்சி, அதில் மெஸ்ஸியின் பத்தாம் இலக்கம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆளை ஆள் பார்த்தார்கள். அவளுக்கு ஒரே குழப்பம். தாய் "ஊரில் எல்லோரும் இப்படித்தான் உடுப்பார்கள்" என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறா. அரை மணித்தியாலத்தில் பிள்ளை எங்கள் வீட்டுப் பழைய ரீ-சேட் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். தாய்க்குத்தான் முகம் வாடிப்போயிற்று; நல்லூரின் பழைய மாளிகையான மந்திரி மனைக்கு முன்னால் எடுக்கவிருந்த போட்டோ போய்விட்டது. எனக்கு அந்தப் பின்னேரம்தான் பிடித்தது. வாளியைக் கிணற்றில் விட்டு அள்ளத் தெரியாமல் அவள் கயிற்றோடு மல்லுக்கட்ட, அவன் நின்று சிரிக்க, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை வந்துவிட்டது.

சரி, பாரம்பரியம் என்றே பேசுவோம். எந்தப் பாரம்பரியம்? சடங்கு வீடுகளில் நான் காணும் பட்டு பெரும்பாலும் காஞ்சிபுரத்துப் பட்டு. மாப்பிள்ளைமார் ஷெர்வானி போடுகிறார்கள், பெண்கள் லெஹங்கா போடுகிறார்கள். இரண்டும் வட இந்தியாவிலிருந்து சினிமா வழியாக வந்தவை. என் அப்பம்மா பின்கொய்யகம் வைத்துத்தான், அதாவது மடிப்பைப் பின்பக்கம் விட்டுத்தான், சேலை கட்டுவா. அதைக் கட்டத் தெரிந்த ஒருவரை இப்போது ஊரில் தேடித்தான் பிடிக்கவேண்டும், டொரொன்டோவிலும் நான் கேள்விப்படவில்லை. வீட்டில் அவ நெஞ்சுக்குக் குறுக்காகச் சேலையைக் கட்டிய குறுக்குக்கட்டோடு திரிவா. அதையும் மீட்டெடுப்போம் என்று எந்தப் பண்பாட்டுக் காவலரும் இதுவரை பதிவு போடவில்லை.

வெளியில் வளர்ந்தவர் வந்து உடுப்பைப் பற்றிக் கண்டிப்பது இங்கே புதிதும் இல்லை. கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயப் பெண். குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டு போய்விட்டார்கள், வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கைக்குத் திரும்பி வந்தவர், இங்கே படித்தவர்கள் கோட்டும் தொப்பியுமாகத் திரிவதைப் பார்த்துத் திகைத்து, ஐரோப்பியரைப் பார்த்து அவர்களைப் போல உடுப்பதை விடுங்கள் என்று எழுதினார், சங்கம் அமைத்துப் பேசினார். எனக்கு அவரில் மரியாதை உண்டு. கண்டிப்போடு நிற்காமல் கண்டிப் பகுதிக் கிராமங்களில் கைவினைஞர்களைத் தேடிப் போய், அவர்களுடைய வேலையை ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்தவர். அவர் குறை சொன்னதும் ஆட்சிக்காரனைப் போல வேஷம் கட்டிய மேல்தட்டை. பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளையை அல்ல. 1924இல் தொடங்கி, பிறகு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற யாழ்ப்பாண மாணவர் இயக்கமும் தேசிய உடையைச் சொன்னது. ஆனால் அதே மூச்சில் சாதி ஒழிப்பையும் சொன்னது, 1927இல் காந்தியையும் இங்கே கூட்டி வந்தது.

சாதி என்று வந்ததால் அதையும் சொல்லிவிடவேண்டும். "அந்தக் காலத்தில் எங்கள் சனம் எவ்வளவு லட்சணமாக உடுத்தது" என்று சொல்பவர்கள் எந்தச் சனத்தைச் சொல்கிறார்கள்? இந்த ஊரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் சட்டை போட முடியாத காலம் இருந்தது. ஆண்கள் தோளில் சால்வை போட்டுக்கொண்டு பெரிய வீட்டு வாசலால் போக முடியாது. தோளில் கிடந்தது இடுப்புக்கு இறங்கவேண்டும். என்னோடு படிப்பிக்கும் ஒரு ஆசிரியை தன் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னது: முதன்முதலாகச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய், வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பப்பட்டாவாம். 1957இல் சாதியைக் காட்டிப் பொது இடங்களில் தடுப்பது சட்டப்படி குற்றமாகியது. அதற்கும் பிறகு, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. அந்த அம்மம்மாவின் பேத்தி இன்று தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொண்டு சந்தியில் நின்று ஐஸ்கிரீம் குடிக்கிறா என்றால், என்னைப் பொறுத்தவரை அதுவும் ஊரின் சரித்திரம்தான். அதைப் படம் பிடித்து "சீரழிவு" என்று போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வேறு கதை. அங்கே ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். சுவிஸில் இருந்து வந்தவர், ஓட்டோ ஓட்டுகிறவர், கொழும்பில் இருந்து வந்த அமைச்சர், எல்லோருக்கும் ஒரே சட்டம். சட்டையைக் கழற்று என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இன்னொரு அர்த்தமும் இருந்தது என்பதை மேலே சொன்னேன். ஆனாலும் விதிவிலக்கே இல்லாத சட்டம் என்பதால் எனக்கு அதில் வழக்கில்லை. திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயில் வீதியில் வெண்மணல் பரவியிருக்கும், செருப்புக்கு இடமில்லை. விடியப்புறத்தில் மணலில் உருண்டு பிரதட்டை பண்ணுகிறவர்களைப் பாருங்கள். ஈர வேட்டி முழுக்க மணல் அப்பி, தோலும் துணியும் ஒரே நிறமாகக் கிடக்கும். பெண்கள் பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு, அடியழித்துக்கொண்டு வருவார்கள், முழங்காலடியில் சாறி கசங்கிக் கறுத்துப் போயிருக்கும். உடுப்பு அங்கே வேலை செய்கிறது. தேரன்று வடம் பிடிக்க வேட்டியோடு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கண்டால் எனக்கும் சந்தோஷம்தான். வெல்க்ரோ வைத்த வேட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டத்தில் அவிழாமல் நின்றால் சரி.

ஆகவே என் கருத்து இவ்வளவுதான்: கோயிலுக்கு, கல்யாண வீட்டுக்கு, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக்கு அந்தந்த இடத்து முறைப்படி உடுங்கள். விருப்பம் என்றால் மற்ற நேரமும் உடுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தாலும் கொஞ்ச நேரம்தான். ஆனால் பிள்ளைகளை வெயிலுக்குள் பட்டில் கட்டி வைக்காதீர்கள். வந்த வீட்டுப் பிள்ளை என்ன போட்டிருக்கிறாள் என்று புள்ளி போடாதீர்கள். அவள் ஷெல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் வளர்ந்த தாய்க்குப் பிறந்து, தமிழில் படித்து, தமிழில் சண்டை பிடித்து, தமிழில் மீம் போட்டுக்கொண்டு இங்கேயே இருக்கிறவள்.

இனிக் கேள்விக்குப் பதில். பருத்தி உடுப்பு நாலைந்து, கழுவினால் ஒரு மணித்தியாலத்தில் காய்கிற மாதிரி. கோயிலுக்கு ஒரு வேட்டி, ஒரு சாறி. வேட்டியை இங்கேயே வாங்கலாம், பெட்டியில் பாரம் மிச்சம். சாறிச் சட்டை தைக்க வேண்டுமென்றால் அளவுச் சட்டையை வருகிற யாரிடமாவது இப்போதே கொடுத்துவிடுங்கள், படம் எடுத்து அனுப்பும் அளவு சரிவராது. ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேற்றம். கொடியேறின பிறகு எங்கள் ஒழுங்கைத் தையல்காரி அக்கா யார் கேட்டாலும் புதுத்துணி வாங்கமாட்டா.