மிளகாய்க்கு முன் மிளகு

உணவு, விலங்கு, வரலாறு, இலக்கியம் எனக் கலந்து தொகுத்த ஒரு பொது அறிவு வினாத் தொகுப்பில், மிளகாயின் தாயகம் எது என்ற வினாவுக்கு அமெரிக்கக் கண்டம் என்று தந்திருக்கும் ஒற்றை வரி விடை சரியானதே. ஆனால் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக அது வந்து சேரும்வரை நம் சமையலுக்குக் காரம் தந்தவற்றுள் முதன்மையானது மிளகு. அதனால்தான் அதைப் போலவே உறைத்த புதிய காய்க்கு மிளகாய் என்று பெயர் அமைந்தது. அகநானூற்றின் 149ஆம் பாடலில் யவனரின் (கிரேக்க, ரோமானிய வணிகரின்) மரக்கலங்கள் பொன்னோடு சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்து கறியோடு திரும்புகின்றன; அந்தக் 'கறி' மிளகேதான். எங்கள் கொல்லையில் பழுத்துச் சிவந்த ஊசிமிளகாயைக் கிளிகள் கொத்தித் தின்னும்போது சிறிதும் தயங்குவதில்லை. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை என்பதும், விதைகள் அவற்றின் எச்சத்தின் வழியே பரவுகின்றன என்பதும் அந்தத் தொகுப்பின் விலங்குப் பகுதியில் அவசியம் இடம்பெற வேண்டியவை.