எத்தனை பேரைச் சுட்டார் என்பதுதான் கணக்கா?

ராணுவ வீரர்களைப் பற்றி இங்கே வருகிற பதிவுகள் பெரும்பாலும் "தனி ஆளாக எத்தனை பேரைச் சுட்டுத் தள்ளினார்" என்பதிலேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. அவருக்குப் பின்னால் எத்தனை பேர் எழுந்து போனார்கள், ஏன் போனார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கஜே காலே என்று ஒரு கூர்க்கா ஹவில்தார் (சார்ஜென்ட் மாதிரியான பதவி), பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப் போர், 1943 மே கடைசி, பர்மாவின் சின் மலைப் பகுதி. பாஷா ஈஸ்ட் என்ற குன்று ஜப்பானியர் கையில். அதைப் பிடிக்க இரண்டு முறை போயும் முடியவில்லை. மூன்றாவது முறை போன படையில் ஒரு பிளாட்டூன், அதாவது ஒரு சிறு பிரிவு, இவர் பொறுப்பு. அதுவரை இவர் சண்டையையே பார்த்ததில்லை, கூட இருந்தவர்களும் சின்னப் பையன்கள். ஏறிப் போக வேண்டியது ஒடுங்கிய முகடு, இருபக்கமும் செங்குத்துச் சரிவு, சில இடங்களில் அகலம் 15 அடிதான். நம்ம அஞ்செட்டிக் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், மூங்கில் புதருக்குள் யானையே நின்றாலும் பக்கத்தில் போகும்வரை கண்ணில் படாது. அப்படி மறைந்திருப்பவனிடம் ஒரு டஜன் மெஷின் கன், இவர்கள் வருவதோ ஒரு செடிகூட இல்லாத மொட்டை மேட்டில்!

கையெறி குண்டு வெடித்துக் காலேவுக்குக் கை, மார்பு, கால் மூன்றிலும் காயம். அந்த நிலையிலும் பையன்களை ஒன்று சேர்த்து, போர் முழக்கமிட்டு, திரும்பத் திரும்ப முன்னால் போயிருக்கிறார். குன்று கைக்கு வந்தது. அப்புறமும் ரத்தம் வழிய வழிய அங்கேயே நின்று, பிடித்த இடத்தை உறுதிப்படுத்தி, சிகிச்சைக்குப் போக மாட்டேன் என்றிருக்கிறார். கடைசியில் ஒரு அதிகாரி உத்தரவு போட்ட பிறகுதான் போனார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். குன்றைப் பிடித்ததைவிட, அந்தப் பையன்களை விட்டு நகராமல் நின்றதுதான் என்னை உலுக்குகிறது.

இன்னொரு விஷயம், இதை யாரும் வீரம் என்று எழுதுவதில்லை. அதே பர்மா முனையில் 1943-ல் காயம்பட்டு வெளியேற்றப்பட்டவர் ஒருவர் என்றால், நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். பெரிய எதிரி மலேரியா. அங்கே போரிட்ட பிரிட்டிஷ் தரப்பின் 14-வது ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம், சிப்பாய்கள் மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரையைத் தினமும் விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை நடத்தினார். விழுங்காத சிப்பாய்மேல் பாயவில்லை, அந்தப் பிரிவின் அதிகாரியைப் பதவியிலிருந்து தூக்கினார். மூன்று பேரைத் தூக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆளைக் காய்ச்சலில் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதும் தலைமைதான் என்பேன்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ராணுவத்தில் சேர விடிகாலையில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் பழகும் தம்பிகளுக்கு நேரக்கணக்கும் மார்பளவும் சொல்லித் தருகிறார்கள், சரி, அது தேவைதான். இந்த ஹவில்தார் கதையையும் அந்த மைதானத்திலேயே சொல்லுங்கள் அண்ணா. நம்ம மாவட்டத்தில் சர்வீஸ் முடித்து ஊரோடு இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களை முதல் நாள் கூட்டிக்கொண்டு போன ஹவில்தாரைப் பற்றிக் கீழே எழுதுங்கள்.