நோட்டை மூடிவிட்டுப் படித்த நாவல்

கோத்தகிரிக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். போன கார்த்திகையில் எங்கோ மரம் சாய்ந்து கம்பி அறுந்து, எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இரண்டு முறை பாதியில் தூக்கிப்போட்ட ‘கார்டன்ஸ் ஆஃப் த மூன்’ நாவலை அப்போதுதான் மறுபடி எடுத்தேன்.

ஸ்டீவன் எரிக்சன் எழுதி 1999இல் வந்தது. பத்து பாக மாயாஜாலக் கதைத் தொடரில் முதலாவது. முன்னால் வரைபடம், பாத்திரப் பட்டியல், பின்னால் அருஞ்சொற்பொருள். முதல் முறை பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நோட்டுப் போட்டேன். ‘வாரன் = மந்திர சக்தி’ என்று எழுதி வைத்தால், கொஞ்ச நேரத்தில் ஒருவன் அதே வாரனுக்குள் நடந்து போகிறான். அடித்துவிட்டு ‘இடம்?’ என்று எழுதினேன். அந்தக் கேள்விக்குறியோடு நோட்டு நின்றது. (இரண்டும்தான் என்பது அப்புறம் தெரிந்தது.)

எரிக்சனும் நண்பர் எஸ்லமான்ட்டும் 1980களில் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி விளையாடிய ஆட்டத்துக்காக உண்டாக்கிய உலகம் இது. அவர்களுக்கு எல்லாம் பழகிய ஊர். நமக்கு யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை. மாற்றலாகி இங்கே வந்த புதிதில் பஸ்ஸில் என் நிலைமையும் அதேதான். சுற்றிலும் இந்த மலைக்காரர்களான படுகர்களின் பேச்சு. ஹட்டி என்றால் ஊர் என்று யார் சொன்னார்கள்? பஸ் ஒவ்வொரு ஹட்டியிலும் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், புரிந்துவிட்டது.

மூன்றாம் முறை நோட்டு இல்லை. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பொட்டலம் வர்க்கி. கதையில் தருஜிஸ்தான் என்றொரு நகரம். பூமிக்கடியிலிருந்து வரும் வாயுவில் தெருவிளக்குகள் நீலமாக எரிகின்றன. சரி, அழகுக்கு எழுதியிருக்கிறார் என்று தாண்டிப் போனேன். பிறகு எதிரிப் படையின் சிப்பாய்கள் சாலை போடும் ஆட்களாக வேஷம் கட்டி, நாற்சந்திகளைத் தோண்டி வெடி புதைக்கிறார்கள். ரோட்டைத் தோண்டுகிறவனை அந்த ஊரிலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை! வெடிக்குக் கீழே வாயு ஓடுகிறதே என்று உறைத்தபோது வர்க்கி தொண்டையில் நின்றது.

தன்னையே ‘க்ருப்பே’ என்று பெயர் சொல்லிப் பேசும் அந்தத் தொப்பைக்காரனுக்காகவே இன்னொரு முறை படிப்பேன்.

அதற்காக எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். கடைசியில் தரையிலிருந்து ஒரு வீடு முளைத்துக் கொடுங்கோலன் ஒருவனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது ஆழமெல்லாம் இல்லை, முடிக்கிற அவசரம். ‘மூணு பாகம் பொறுத்துக்கோ, அப்புறம் புரியும்’ என்கிற ரசிகர்கள் பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. இந்த ஒரு புத்தகத்திலேயே எனக்கு வேண்டியது கிடைத்தது.

ஆபீசில் கதை என்ன என்று கேட்டார்கள். ரோடு தோண்டுகிற கட்டத்தை மட்டும் சொன்னேன். ஒருவர் புத்தகத்தை வாங்கிப் போனார். நேற்று ராத்திரி பத்தரைக்குப் போன்: “சார், இந்த வாரன்னா என்ன சார்?”

“மேல படிங்க” என்று வைத்துவிட்டேன்.