பெரிய நிறுவனத்தில் கற்பதில் எவ்வளவு நம்முடையது?

பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளராகச் சேரலாமா என்று கேட்பவர்களிடம் பலரும் சம்பளத்தையும் பங்குகளையும் பற்றியே பேசுகிறார்கள். அவை பொய்யல்ல. ஆனால் பங்குகள் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாகவே கைக்கு வருவதால், பிடிக்காத வேலையிலும் "அடுத்த தவணை வரட்டும்" என்று தங்கிவிடுவோர் உண்டு. நான் எடைபோட விரும்புவது, அங்கே கற்பதில் எவ்வளவு நம்மோடு வெளியே வரும் என்பதை.

கற்பதற்கு நிறையவே இருக்கிறது. எழுதிய ஒவ்வொரு நிரல் வரியையும் இன்னொருவர் படித்துக் கேள்வி கேட்ட பிறகே அது சேர்க்கப்படுகிறது. நள்ளிரவில் சேவை முடங்கினால், நல்ல குழுக்களில், யார் தவறு என்று தேடாமல் அந்தத் தவறு ஏன் முன்பே பிடிபடவில்லை என்று ஆராய்ந்து எழுதிவைக்கிறார்கள். லட்சத்தில் ஒருமுறை நேரும் பிழை, நாளொன்றுக்குப் பயனர்களிடமிருந்து பல கோடி கோரிக்கைகள் வரும் இடத்தில் அன்றாடம் நூற்றுக்கணக்கான முறை நேரும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, பணியில் இருக்கும் இரவில் அனுபவிப்பது வேறு.

சிக்கலும் அந்தப் பேரளவிலேயே பிறக்கிறது. கூகுளின் நிரற்களஞ்சியத்தில், அதாவது மென்பொருள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் இடத்தில், 2015 தொடக்கத்திலேயே சுமார் 200 கோடி வரிகள் இருந்தன. அத்தகைய மலையைக் கையாளச் சந்தையில் கிடைக்கும் கருவிகள் போதாமல் நிறுவனங்கள் சொந்தக் கருவிகளை உருவாக்கிக்கொள்கின்றன. நாம் ஆண்டுக்கணக்கில் தேர்ச்சி பெறுவது அவற்றில்தான். ஏராளமான கணினிகளில் நிரல்களைப் பகிர்ந்து இயக்க கூகுளுக்குள் பயன்பட்டது போர்க் என்ற அமைப்பு. அதன் அனுபவத்திலிருந்து பிறந்த குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருள் 2014-இல் திறமூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளிவந்தது. போர்க் தெரிந்தவர்களுக்கு அது யோகம். எல்லா உள்கருவிகளுக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை.

பதவி உயர்வின் கணக்கும் எனக்கு உவப்பானதல்ல. புதிதாக ஒன்றை வெளியிட்டவரின் பெயர் மேலே போகிறது. பழையதைப் பழுதின்றி ஓடவைத்தவர் தம் உழைப்பை நிரூபிக்கவே ஒரு தனி ஆவணம் எழுத வேண்டியிருக்கிறது. ஓர் அமைப்பின் வடிவம் அதை உருவாக்கும் குழுக்களின் தகவல் தொடர்பை ஒத்திருக்கும் என்று கணினியியலாளர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். அதனால்தானோ என்னவோ, ஒரு பொத்தானை நகர்த்த மூன்று குழுக்களின் ஒப்புதல் தேவைப்படுகிறது!

வேலைப் பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் மட்டும் சுமார் 12,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது.

இருந்தும் சேர வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. நேர்காணலின் முடிவில் "ஏதேனும் கேள்வி உண்டா?" என்பார்கள் அல்லவா? அப்போது, அந்தக் குழுவிலிருந்து கடைசியாக விலகியவர் எந்த வேலைக்குப் போனார் என்று கேளுங்கள்.